திறன் ஏறினால் வாய்ப்பு ஏறும்

கடலூரில் நாங்கள் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த கருத்தரிப்பு மையத்தில், காத்திருக்கும் கூடத்து நாற்காலிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துப் போட்டிருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. யோசித்துத்தான் அப்படிப் போட்டார்களோ, இடம் போதாமல் போட்டார்களோ, எனக்கு அது வசதியாக இருந்தது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். கணவருக்கு மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. எனக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதற்குள் இரண்டு முறை எனக்குக் கரு வைத்திருந்தார்கள். இரண்டும் தங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண், செல்போனில் ஒரே பாறையைத் திரும்பத் திரும்ப உடைத்துக்கொண்டிருந்தாள். சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள். ஒரு சின்ன உருவம் குந்தாலியை ஓங்கும், இறக்கும். கல் பெயரும். மறுபடி ஓங்கும். அரை மணி நேரம் நானும் ஓரக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"போரடிக்கல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "அடிக்குதுக்கா. ஆனா இங்க உக்காந்து அந்தக் கதவயே பாத்துகினு இருக்கறத விட இது தேவல."

அவள் சிதம்பரம். சுற்றுப்பக்க கிராமம் ஒன்றில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். இரண்டு முறை தானாகவே கரு நின்று, இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டன. அன்று எங்கள் இருவருக்குமே முறை வர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் என் போனிலும் அந்த விளையாட்டை இறக்கிக் கொடுத்துவிட்டாள்.

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு அது. பெரும்பாலானவர்கள் அரக்கர்களோடு சண்டை போடத்தான் வருவார்கள். சண்டை போட விருப்பமில்லாதவர்களுக்கும் உள்ளே வேலை உண்டு. மீன் பிடிக்கலாம், மூலிகை பறிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், உலை போட்டு வாளும் கேடயமும் அடிக்கலாம். அவள் சுரங்கத்தை எடுத்திருந்தாள். நான் உலையை எடுத்துக்கொண்டேன். எடை போட்டு, கலந்து, சூடேற்றி, என்ன வருகிறது என்று பார்ப்பதுதான் ஆலையிலும் என் வேலை. அவள் தோண்டும் தாது எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு கிடங்குக்கு வந்து சேரும். நான் அதை எடுத்து உருக்கி அடிப்பேன்.

விதிகளை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு பொருள் செய்யும்போதும் நம் திறன் ஒரு துளி ஏறும். செய்தது பாழாய்ப் போனாலும் அரைத்துளி ஏறும். ஏற ஏற லெவல் கூடும். செய்கிற பொருளின் ஓரத்தில் ஒரு நிறக்கோடு வரும். வெள்ளை என்றால் சாதாரணம், பச்சை என்றால் நல்ல தரம், நீலம் என்றால் அபூர்வம். திறன் குறைவாக இருக்கும்போது நீலம் விழ வாய்ப்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். லெவல் கூடக்கூட அந்த வாய்ப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்.

"சும்மா ஈசியான கத்தியவே செஞ்சிகினு இருந்தீங்கன்னா ஒரு கட்டத்துக்கு மேல ஸ்கில் ஏறாதுக்கா. உங்களால முடியுமா முடியாதான்னு இருக்கற பொருளத்தான் செய்யணும். பாதி வீணாப் போவும். போவட்டும். அதுலதான் ஜாஸ்தி ஏறும்."

"லெவல் நூறு ஆயிடுச்சுன்னா?"

"அப்பவும் கேரண்டி கெடையாது. வாய்ப்புதான் ஜாஸ்தி."

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. கேட்டுக்கு வெளியே உள்ள கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போன் கைக்கு வரும். தயிர்சாதத்தை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு பத்து இரும்புக் கத்திகள் அடிப்பேன். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இன்னும் பத்து. இரண்டு மாதத்தில் கத்தியிலிருந்து கோடாலிக்கும், கோடாலியிலிருந்து தலைக்கவசத்துக்கும் வந்துவிட்டேன்.

உள்ளே ஆடுகிறவர்களிடம் பலவித நம்பிக்கைகள் இருந்தன. வெள்ளிக்கிழமை செய்தால் நீலம் விழும் என்பார்கள். தொடர்ந்து பத்து பாழானால் பதினோராவது கட்டாயம் நீலம் என்பார்கள். உலைக்கு முன் உருவத்தை மூன்று சுற்று சுற்ற வைத்துவிட்டு அடிக்கிறவர்கள்கூட இருந்தார்கள். நான் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருஷம் இருந்தவள். ஒரு பழைய நோட்டில் கிழமை, என் லெவல், செய்த பொருள், வந்த நிறம் என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். மூன்று மாதத்தில் நோட்டு பாதி நிறைந்தது. வெள்ளிக்கிழமைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. பத்துக்குப் பிறகு பதினொன்றுக்கும் சம்பந்தமில்லை. முந்தைய அடி எப்படிப் போனது என்று உலைக்கு நினைவே கிடையாது. ஒன்றே ஒன்றுதான் நோட்டில் தெளிவாகத் தெரிந்தது. லெவல் முப்பதில் இருந்தபோது விழுந்த நீலத்தைவிட லெவல் அறுபதில் விழுந்த நீலம் அதிகம்.

அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "அக்கா, நீங்க கேம் ஆடறீங்களா, பரீட்ச எழுதறீங்களா?" என்று பதில் வந்தது.

என் கணவருக்கும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அலுவலகக் கோப்பு பார்க்கும் அதே பார்வை. "நல்லா எழுதியிருக்க" என்றார். கொஞ்சம் கழித்து, "சந்தோஷமா இருக்கா இது?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அது உண்மை. பல வருஷங்களுக்குப் பிறகு, செய்யச் செய்ய முன்னேறும் ஒரு காரியம் என் கையில் இருந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரு பொது ஆசை வந்தது. நீலக் கேடயம். அதை நீல நிறத்தில் மட்டும்தான் செய்ய முடியும். வந்தால் நீலம், வராவிட்டால் போட்ட தாது அத்தனையும் சாம்பல். அதற்கு வேண்டிய தாது சுரங்கத்தில் சாமானியமாகக் கிடைக்காது. தோண்டுகிறவளின் திறனைப் பொறுத்து எப்போதாவது ஒரு துண்டு உதிரும். ஒரு கேடயத்துக்கு இருபது துண்டு. பள்ளி விட்டு வந்து, சமைத்து, நோட்டுத் திருத்தியது போக அவள் தோண்டும் நேரத்துக்கு, இருபது சேர மூன்று வாரம் ஆகும். சேர்ந்ததும் எனக்குச் செய்தி வரும். அடுத்த நாள் மதியம் கேன்டீனில் நான் உலையைத் திறப்பேன். நான்கு முறை அடித்தோம். நான்கும் சாம்பல்.

"பரவால்லக்கா. ஒங்களுக்கு ஸ்கில் ஏறுச்சில்ல" என்பாள் ஒவ்வொரு முறையும்.

இதற்கிடையில் எனக்கு மூன்றாவது முறை கரு வைத்தார்கள். பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. நானும் கணவரும் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய பெண் டாக்டர். கெட்ட சேதி சொல்லும்போது பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொல்வார். அன்றும் மூடிவைத்தார்.

அவர் சொல்லி முடித்த பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன். இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது.

"டாக்டர், மூணு தடவ ஆயிடுச்சில்ல... ஒவ்வொரு தடவையும் ஒடம்பு கொஞ்சமாவது பழகியிருக்காதா? அடுத்த தடவைக்கு வாய்ப்பு கூடாதா?"

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க பழகிக்கறோம்மா" என்றார் டாக்டர். "மருந்த மாத்திப் பாக்கறோம், அளவ மாத்திப் பாக்கறோம். அதுல கொஞ்சம் கத்துக்கறோம். ஆனா ஒங்க ஒடம்புக்கு ஒவ்வொரு தடவையும் புதுசுதான். போன தடவ பட்ட கஷ்டம் எதுவும் கணக்குல சேராது. வயசுதான் சேரும். நான் பொய் சொல்லக் கூடாதில்ல?"

கூடாது என்று தலையாட்டினேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும் இடத்தில் கணவர், "ஏன் அப்படிக் கேட்ட?" என்றார். தெரியவில்லை என்றேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மேலே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளுக்கு போன் செய்து சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கும் அதே மாதம் முதல் முறையாகக் கரு வைப்பதாக இருந்தது. வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அந்தக் கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்குள் ஒரு மரியாதை. சொல்வதாக இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கைத் திறந்தேன். முந்தின நாள் ஆறு துண்டு இருந்த இடத்தில் இருபத்தொன்று இருந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து மூடித் திறந்தேன். இருபத்தொன்றுதான். மறுநாள் முப்பத்தைந்து. அவள் பெயரைத் தொட்டு லெவலைப் பார்த்தேன். நான் கடைசியாகப் பார்த்தபோது சுரங்கத் திறன் ஐம்பத்தெட்டில் இருந்தது. இப்போது எண்பத்து மூன்று. அந்த லெவலில் தாது உதிரும் வாய்ப்பு அதிகம். சில சமயம் ஒரே அடியில் இரண்டு துண்டு விழும். ஆனால் எண்பத்து மூன்றை எட்ட எத்தனை ஆயிரம் கல் உடைத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போய்வருகிற ஒருத்தியால் அது ஆகாது. கிடங்கில் ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்த நேரம் எழுதியிருக்கும். காலை பத்தேகால். பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு. பள்ளி நடக்கும் நாட்கள். அவள் வகுப்பில் நிற்க வேண்டிய நேரங்கள்.

"ஸ்கூலுக்குப் போவலியா?" என்று செய்தி அனுப்பினேன்.

என் சாப்பாடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. "லீவுக்கா."

"ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கேன் என்ற அந்தச் சொல்லை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். உடம்பு நன்றாக இருக்கிற ஒரு டீச்சர், பரீட்சை நெருங்குகிற சமயத்தில், காலையிலிருந்து மாலை வரை படுத்துக்கொண்டு கல் உடைக்கிறாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். இரண்டு முறை கலைந்தவளை டாக்டர் படுக்கச் சொல்லியிருக்கிறார். கரு நின்றிருக்கிறது.

போனை லாக்கரில் போட்டுவிட்டு உள்ளே போனேன். மதியம் மூன்று சாம்பிள் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். பதினான்கு வருஷமாகச் செய்கிற வேலை. அன்று மூன்று தடவை நிறுத்த வேண்டிய சொட்டைத் தாண்டிப் போய்விட்டேன். குடுவையில் இளஞ்சிவப்பு வராமல் கருஞ்சிவப்பாக நின்றது. கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். பக்கத்து மேசையில் இருந்தவர், "என்ன மேடம், தலவலியா?" என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்ல சேதிதானே" என்றார் மெதுவாக.

"நல்ல சேதிதான்."

"அப்பறம் ஏன் இப்படி நிக்கற?"

"எங்கிட்ட சொல்லல."

"எப்படிச் சொல்லுவா? நீ அவ எடத்துல இருந்தா சொல்லுவியா?"

சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் எனக்குள்ளே எரிந்தது. எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்துவிட்டதே என்பதுதான் எரிச்சல். அதை இப்போது மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. நான்கைந்து நாள் மாதா கோயிலில் மண்டியிட்டபோதுகூட அவளுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவள் பெயரை நினைத்ததும் ஜெபம் நின்றுவிடும். பூசை முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு வருவேன்.

விளையாட்டுக்குள் போவதை நிறுத்திவிட்டேன். அவளும் கூப்பிடவில்லை. அந்த நாட்களில்தான் எனக்கு நான்காவது முறை கரு வைத்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. பதினான்காம் நாள் வீட்டுப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்ததோடு சரி, மையத்துக்கு நாங்கள் போகவே இல்லை. முடிவை போனில் சொன்னார்கள். கணவர் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டார். இருவரும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். வெயில் இறங்கியதும் அவர் எழுந்து காபி போட்டார். குடித்தோம்.

சில வாரங்களுக்குப் பிறகு அவளிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ?"

"ஏழு மாசம் ஆவப்போவுது" என்றாள். "ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்க்கா. கெடங்கப் பாத்தீங்கல்ல. ஸ்கூலுக்குப் போவலியான்னு கேட்டீங்களே, அன்னிக்கே புரிஞ்சி போச்சி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். மூணாவது மாசம் தாண்டட்டும்னு பயந்துகினு இருந்தேன். தாண்டுனதுக்கு அப்பறம் ஒங்கள நெனச்சி பயம்."

அடுத்த வாரம் வளைகாப்பு என்றாள். வரச் சொல்கிறாளா, தகவலாகச் சொல்கிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லாத குரல். பார்க்கிறேன் என்றேன். போகவில்லை. முந்தின நாள் சேலைகூட எடுத்து வைத்தேன். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் கேட்காததற்கு ஒரு காரணம் இருக்கும். இரண்டையும் தாங்க முடியாது என்று பட்டது. சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். சிதம்பரம் பஸ் சிப்காட்டைத் தாண்டித்தான் போகும். எங்கள் ஆலையின் புகைபோக்கியைப் பயணியாக ஜன்னல் வழியே பார்ப்பது விநோதமாக இருந்தது. ஆலப்பாக்கம் வரும்வரை திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு வெளியே ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி, தெற்கு வீதியில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது அவள் அம்மா. பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்தார். நான் யாரென்று சொன்னதும், "கடலூர் அக்காவா? ஒங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல. வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அவள் கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். நான் வேகமாகப் போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அவள் அம்மா பழத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

"எனக்கு நாலாவதும் போயிடுச்சி" என்றேன்.

"எப்ப?"

"ரெண்டு மாசம் ஆவுது."

"அக்கா..." என்றாள். பிறகு, "எனக்கு மொத தடவையே நின்னுச்சிக்கா. அத நெனச்சாதான் கஷ்டமா இருக்கு. நான் ஒங்களவிட என்னா பெருசா செஞ்சிட்டேன்? ஒண்ணும் செய்யல. சும்மா நின்னுச்சி."

"ஒன்ன யாரும் கொற சொல்லல."

"நீங்க கோவமா இருந்தீங்க."

"இருந்தேன்" என்றேன். "ஒம் மேல இல்லன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா ஒம் மேலயும்தான்."

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் தலையணைக்குக் கீழேயிருந்து போனை எடுத்து, கிடங்கைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அறுபத்து நான்கு துண்டு, கிடங்கு கொள்ளும் மட்டும். மூன்று கேடயத்துக்கான தாது. இந்த மாதங்களில் நான் வரவில்லை என்று தெரிந்தும் தோண்டிச் சேர்த்து வைத்திருந்தாள்.

"அடிங்கக்கா, பாப்போம்."

என் போனில் உள்ளே போய் உலையைத் திறந்தேன். என் திறன் அப்போது தொண்ணூற்றொன்று. அந்த லெவலில் மூன்றில் ஒன்று விழ நல்ல வாய்ப்பு உண்டு என்று என் நோட்டு சொல்லும். முதல் அடி, சாம்பல். அவள் "ச்சே" என்றாள். இரண்டாவது, சாம்பல். மூன்றாவதற்கு இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்தோம். சுத்தியல் இறங்கியது. அதுவும் சாம்பல்.

அவள் ஓங்கிக் கத்தினாள். கத்தல் சிரிப்பாக மாறியது. அவள் வயிறு குலுங்கச் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. சமையலறையிலிருந்து அவள் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "என்னாடி? வலி எடுத்துடுச்சா? ஐயோ, ஆட்டோவக் கூப்புடட்டா?"

"வலி இல்லம்மா. கேடயம் போயிடுச்சி."

"எது போயிடுச்சி?"

எங்கள் சிரிப்பு இன்னும் கூடியது. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் பைத்தியம்" என்று சொல்லி, எனக்கு இலை போடப் போனார். கத்திரிக்காய் கொத்சு செய்திருந்தார். நன்றாகச் சாப்பிட்டேன். மூன்று மணி பஸ்ஸில் கடலூருக்குத் திரும்பினேன்.

சரியான நாளில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணவர் எனக்குத்தான் முதலில் போன் செய்தாராம். அவள் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். அன்று கோயிலில் எனக்கு ஜெபம் தடங்கலில்லாமல் வந்தது. குழந்தைக்கு மூன்று மாதமானபோது நானும் கணவரும் போய்ப் பார்த்தோம். கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீலக் கேடயம் ஒருநாள் வந்தது. அவள் விளையாட்டை விட்டுவிட்டாள், கைக்குழந்தையோடு அதற்கெல்லாம் ஏது நேரம். வேறு ஆட்களிடம் தாது வாங்கி நானே சேர்த்தேன். ஒரு புதன்கிழமை மதியம், கேன்டீனில், எதிரே இரண்டு பேர் மின்சாரக் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, திரையில் நீலக்கோடு போட்டு கேடயம் நின்றது. லெவல் நூறு ஆகி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "சூப்பர்க்கா, பாப்பாக்கு ஜொரம், அதான் பாக்கல" என்று பதில் வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. வந்த பொருளைக் கிடங்கில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஐந்தாவது முறை பற்றி டாக்டரிடம் பேசப் போனபோது எனக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, இனி வாய்ப்பு முன்னைவிடக் குறைவு என்றார். செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. யோசித்து வாருங்கள் என்றார்.

வரும் வழியில் மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரமாகக் கணவர் வண்டியை நிறுத்தினார். உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்கின்மேல் வைத்தார்.

"போதும்னு நான் சொன்னா தப்பா எடுத்துப்பியா?" என்று கேட்டார்.

"எப்பலேந்து சொல்லணும்னு இருக்கீங்க?"

"மூணாவது தடவையிலேந்து. நீ டாக்டர்கிட்ட அப்படிக் கேட்ட பாரு, அன்னிலேந்து."

"ஏன் சொல்லல?"

"ஒனக்கு நம்பிக்க இருந்துது. அத நான் கெடுக்கக் கூடாதுன்னு..." அவரால் முடிக்க முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷமும் நான் அழும்போதெல்லாம் காபி போட்ட மனிதர் அவர். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், சாலையோரம் என்றும் பார்க்காமல், அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"போதும்ங்க" என்றேன்.

அதற்கப்புறம் அந்த மையத்துக்கு நாங்கள் போகவில்லை.

அடுத்த மாதம் எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். புதிதாக வந்த ஒரு கருவியை இயக்கப் பழக, ஒருவரைப் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்ப வேண்டும். நீங்கள் போக முடியுமா, தேதி பார்த்துச் சொல்லுங்கள் என்றார். ஆறேழு வருஷமாக இப்படி எது வந்தாலும், ஊசி நாள், பரிசோதனை நாள் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, முடியாது சார் என்று சொல்லியே எனக்குப் பழக்கம். அன்றும் உள்ளே எண்ணத் தொடங்கிவிட்டேன். பாதியில்தான் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை என்று உறைத்தது.

"எந்தத் தேதியா இருந்தாலும் பரவால்ல சார்" என்றேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, படிவத்தில் என் பெயரை எழுதினார்.